மதிப்பெண் போடாத ஒருவர்

2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரைச் சொல்லிப் போலி முகாம் ஒன்று நடத்தப்பட்டது. பள்ளி வளாகத்தில் இரவு தங்கவைக்கப்பட்ட மாணவிகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை வெளியே வந்தபோது தமிழகம் அதிர்ந்தது. அந்தக் கொடுமைக்கும் காவல்துறைப் புகாருக்கும் இடையில் கழிந்த நாட்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளை வாய் திறந்திருக்கிறாள். பள்ளித் தரப்போ, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று சொல்லி மறைக்கப் பார்த்ததாக விசாரணையில் தெரியவந்தது. முகாம் நடத்தியவர்களோடு பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள்.

அரசு அப்போது இரண்டு குழுக்களை அமைத்தது. ஒன்று, ஐ.ஜி. பொறுப்பிலான சிறப்புப் புலனாய்வுக் குழு. மற்றொன்று, சமூக நலத் துறைச் செயலாளர் ஜெயஸ்ரீ முரளிதரன் தலைமையில் மனநல மருத்துவர்களையும் குழந்தைப் பாதுகாப்பில் அனுபவம் உள்ளவர்களையும் கொண்ட பல்துறைக் குழு. பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசுவது, ஆற்றுப்படுத்துவது, இனி இப்படி நடக்காமலிருக்க வழி சொல்வது ஆகியவை இரண்டாவது குழுவின் வேலை. குற்றம் நடந்தால் போலீஸ் வருவது நமக்குப் பழக்கம். பிள்ளைகளின் மனத்தைப் பார்க்க இன்னொரு குழுவும் கூடவே வருவது புதிது. அதற்காக அரசைப் பாராட்டலாம்.

ஆனால் குழு வந்த வேலை முடிந்ததும் சென்னைக்குத் திரும்பிவிடும். பள்ளி திறக்கும், தேர்வு வரும், பேச்சு அடங்கும். அதற்குப் பிறகு ஒரு பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வராவிட்டால், அவள் பர்கூரில் யாரிடம் போய்ச் சொல்வாள்? இளைஞர் மனநலத்தில் ஊர் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் அது எங்காவது போய்ச் சேரும்.

பர்கூர் என்றதும் ஈரோடு மாவட்டத்து மலையையும் அதன் செம்மாடுகளையும் நினைப்பவர்கள் உண்டு. இது வேறு பர்கூர். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். மொத்த விலை ஜவுளிக் கடைகள், கிரானைட், மாம்பழக்கூழ் ஆலைகள், சிப்காட் என்று பிழைக்கும் பகுதி. 1991இல் ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்து முதலமைச்சராக்கிய தொகுதி; 1996இல் அவரையே தோற்கடித்த தொகுதியும் இதுதான். இடையில், 1994இல், இங்கே அரசு பொறியியல் கல்லூரி வந்தது. கடந்த சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரமே மாறிவிட்டது. 2021இல் போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களாலேயே இயங்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. ஓசூர்ப் பக்கம் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பழைய பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது கைபேசிப் பாகங்கள் செய்யும் ஆலைகளும் சேர்ந்துகொண்டன. அதிகாலையில் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில்கூடக் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இந்த வட்டாரத்து இளைஞர் கூட்டம் ஒரே வகைப்பட்டதாக இல்லை. பிளஸ் டூ படிப்பவர், குடும்பத்தின் முதல் பொறியியல் மாணவர், பதினெட்டு வயதில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண், பெங்களூருக்குத் தினமும் ரயிலேறும் பையன் எல்லாரும் இதில் அடக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கம்பெனியில் இந்தி கலந்த ஆங்கிலம், தளிப் பக்கம் போனால் கன்னடம். மனசு சரியில்லை என்பதை எந்த மொழியில் சொல்வது என்பதே இங்கே பலருக்குச் சிக்கல்.

எண்ணிக்கைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இந்தியாவில் 2015-16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு அப்படிப்பட்ட சிக்கலைக் கண்டது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற 12 மாநிலங்களில் ஒன்று. மனநலச் சிக்கல் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போனதில்லை என்பதையும் அது சொன்னது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் 18க்கும் 30க்கும் இடைப்பட்டவர்கள்.

மருத்துவர்களைப் பெருக்கினால் தீர்ந்துவிடும் என்று சொல்லத் தோன்றும். மருத்துவர்கள் தேவைதான். கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவும் மாவட்டத்தில் உண்டு. இருந்தும் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. அத்தோடு இளைஞர்களின் துன்பங்களில் பெரும்பகுதி மருத்துவரின் அறைக்குள் நுழையும் அளவுக்கு நோய் என்ற பெயர் பெற்றவையும் அல்ல. காதல் முறிவு, கடன் செயலி, வீட்டுச் சண்டை, சாதியைச் சொல்லி ஒருவன் குத்திக்காட்டியது, அரியர், சூப்பர்வைசரின் வசை. இவற்றுக்கு முதலில் தேவைப்படுவது மாத்திரை இல்லை. உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள்.

அந்த ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் 2015இல் தொடங்கிய 'ஸேஹர்' ஆய்வு அது. சுமார் 75 அரசு உயர்நிலைப் பள்ளிகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் பள்ளிக்கு ஒருவர் என்று வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் நியமிக்கப்பட்டார். அவர் உளவியல் பட்டம் பெற்றவர் அல்லர். அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்ற சாதாரண ஆள். அடுத்த பிரிவில் அதே பயிற்சியும் அதே வேலையும் அந்தந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்றாவதில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். காலைக் கூட்டத்தில் பேசுவது, சுவர் இதழ், மனத்தில் உள்ளதை எழுதிப்போடும் பெட்டி, போட்டிகள், தனியே வந்து பேச விரும்பும் மாணவருக்கு நேரம் ஆகியவையே அவர்களின் கருவிகள். பெரிய செலவு எதுவும் இல்லை.

முடிவு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. வெளி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்திருந்தது. கிண்டல் கேலியும் அடிதடியும் குறைந்திருந்தன. பள்ளி தங்களுக்குப் பாதுகாப்பான இடம் என்ற உணர்வு மாணவர்களிடம் கூடியிருந்தது. ஆசிரியர்கள் அதே வேலையைச் செய்த பள்ளிகளில் குறிப்பிடும்படியான மாற்றம் ஏதும் இல்லை. பாடம் ஒன்று, பயிற்சி ஒன்று, பெட்டியும் ஒன்று, ஆள்தான் வேறு.

இதை ஆசிரியர்கள் மீதான குற்றச்சாட்டாகப் படிப்பது அநியாயம். பாடம் நடத்துவது, தேர்வு, எமிஸ் பதிவேற்றம், தேர்தல் வேலை எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தான் அவர் இதையும் செய்ய வேண்டும். நேரத்தைவிடப் பெரிய தடை இன்னொன்றும் இருக்கிறது. ஆசிரியர் மதிப்பெண் போடுபவர். அப்பாவைக் கூட்டிவரச் சொல்லும் அதிகாரம் உள்ளவர். ஒரு பையன் அவரிடம் மனம் திறந்து பேசும்போதே, நாளைக்கு இது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடுகிறான். வெளியிலிருந்து வந்த ஆலோசகரிடம் அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அவரால் பாஸும் செய்ய முடியாது, ஃபெயிலும் செய்ய முடியாது.

தமிழகத்துப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கவும் அரசாணை இருக்கிறது. 14417, 1098 என்ற உதவி எண்கள் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளந்தா தரும் பாடத்தை வைத்துப் பார்த்தால், பெட்டியைவிட முக்கியம் பெட்டியைத் திறப்பவர் யார் என்பது. பர்கூர்ச் சம்பவத்தில் குழந்தை வாய் திறந்தாள், காதும் இருந்தது. அந்தக் காது பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருந்தவருடையது.

'சமூகப் பங்கேற்பு' என்று சொல்லும்போது பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஊர் என்றாலே நல்லது என்ற எண்ணம் நமக்கு உண்டு. 2025 மார்ச்சில் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்குக் கட்டாயத் திருமணம் நடந்தது. கணவன் வீட்டுக்குப் போக மறுத்து அழுத அவளைத் தூக்கிக்கொண்டு போகும் காணொளியை நாடே பார்த்தது. அதைச் செய்தவர்கள் வெளியாட்கள் அல்லர், சொந்தங்கள். பார்த்துக்கொண்டிருந்ததும் ஊர்தான். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தை உண்டாக்குவதும் அந்த நாலு பேர்தான். ஆகவே ஊரை ஈடுபடுத்துங்கள் என்று மொத்தமாகச் சொல்வதில் பொருளில்லை. ஊருக்குள் எவரிடம் போனால் பிள்ளைக்குப் பயமில்லையோ அவரைத் தேடிப் பிடித்து, பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவரை நிறுத்துவதுதான் வேலை.

இந்த மண்ணுக்கு அது தெரியாத வேலையும் அல்ல. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறந்தது 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமாகும் வரை பர்கூரும் அந்தத் தருமபுரிக்குள்தான் இருந்தது. வட்டிக்கடைக்காரரை விட்டால் வேறு வழியில்லை என்றிருந்த பெண்கள் தங்களுக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதத் தொடங்கியது இங்கேதான். பிறகு 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்ததும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். ரத்த அழுத்தம், சர்க்கரை, இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வலி நிவாரணம் என்று வீடு தேடிப் போகும் அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்கள். 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது. தொழிற்சாலைகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது.

அந்தத் தன்னார்வலர் வீட்டுக்குள் நுழையும்போது யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அக்கா வந்திருக்கிறாள், பாட்டிக்குப் பிரஷர் பார்க்க. இதே வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத பேரன் இருக்கலாம். அவனிடம் இரண்டு கேள்வி கேட்க அந்த அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன? தூக்கம் எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று கேட்பது ரத்த அழுத்தம் பார்ப்பதைவிடக் கடினமான வேலை இல்லை. கேட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் கடினம். அதற்கு நல்ல பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும்.

வாய்க்குப் பூட்டும் வேண்டும். கிராமத்தில் இதுதான் பெரிய சிக்கல். அக்காவிடம் சொன்னது மாலைக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த பிள்ளை அவளிடம் வாய் திறக்காது. எனவே ஒரு தெருக்காரர் அதே தெருவுக்கே போகாமல், பக்கத்து ஊராட்சிக்குப் போகும்படி மாற்றி அமைக்கலாம். சுய உதவிக் குழுவின் கடன் வசூலில் பொறுப்பு வகிப்பவர்களை இந்த வேலைக்கு அமர்த்தாமல் இருப்பதும் நல்லது. கடன்காரியின் மகள் வட்டி கேட்பவரிடம் எதைச் சொல்வாள்?

பட்டம் இல்லாத சாதாரண மனிதர்கள் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் மருத்துவ உலகத்திலேயே நெடுநாள் இருந்தது. கோவாவில் விக்ரம் படேலும் நண்பர்களும் 1996இல் தொடங்கிய 'சங்காத்' அமைப்பு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்ததில் பெரும்பங்கு வகித்தது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக்கூடக் குறைத்துக் காட்டினார்கள். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா உருவாக்கிய 'நட்பு பெஞ்ச்' இன்னும் புகழ்பெற்றது. சுகாதார நிலைய வாசலில் ஒரு மரப்பெஞ்ச், அதில் ஒரு பாட்டி, பக்கத்தில் துயரத்தோடு வந்தவர். 2016இல் வெளியான பரிசோதனை அந்த ஏற்பாடு பலன் தருவதைக் காட்டியது. பர்கூரில் பெஞ்சும் பாட்டியும் கிடைப்பார்கள். ஆனால் இருபது வயதுப் பையன் காதல் தோல்வியைப் பாட்டியிடம் சொல்வானா என்பதில் சந்தேகம்தான்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'சினேகா' தன்னார்வலர்களைக் கொண்டே இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையம். அவரும் குழுவினரும் தமிழகத்தின் இலங்கை அகதிகள் முகாம்களில் ஒரு முயற்சி செய்தார்கள். முகாமில் வாழ்பவர்களையே தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். ஆபத்தான மனநிலையில் உள்ளவர்களை அவர்கள் அடிக்கடி போய்ப் பார்த்தார்கள். மனம் தாளாத நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, என்ன செய்வது என்று ஒரு சிறு அட்டையில் சேர்ந்து எழுதினார்கள். 2017இல் வெளியான முடிவுகள், இந்த முயற்சி நடந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்ததைச் சொல்கின்றன. பயிற்சி பெற்றவர்களும் அகதிகள்தான். அவர்களுக்குத் துயரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சினேகாவின் அனுபவத்தில் இன்னொன்றும் உண்டு: பேச்சால் மட்டும் உயிரைக் காப்பாற்ற முடியாது. காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் வீட்டில் கிடந்த பூச்சிமருந்தைப் பொதுப் பெட்டகத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை அவர்கள் செய்து பார்த்தார்கள். கண நேர ஆத்திரத்துக்கும் கைக்கெட்டும் நஞ்சுக்கும் இடையில் ஒரு பூட்டும் கொஞ்சம் நேரமும் வந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். தமிழக அரசு மிக ஆபத்தான சில பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்குத் தற்காலிகமாகத் தடை செய்ததும், பிளஸ் டூவில் தவறியவர்கள் ஓர் ஆண்டை இழக்காமல் உடனே எழுதத் துணைத்தேர்வு கொண்டுவந்ததும் இந்த வகைச் சிந்தனைதான். துணைத்தேர்வை யாரும் மனநலத் திட்டம் என்று அழைப்பதில்லை. ஆனால் எத்தனையோ விழிப்புணர்வுப் பேரணிகளைவிட அது அதிக வேலை செய்திருக்கும்.

பேரணி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று பள்ளிப் பிள்ளைகளைப் பதாகையோடு வெயிலில் நடக்கவிடுவது நம் மாவட்டங்களின் வழக்கமாகிவிட்டது. புகைப்படம் எடுத்ததும் எல்லாரும் வகுப்புக்குத் திரும்புகிறார்கள். விழிப்புணர்வு வீண் என்பது இதற்குப் பொருளாகாது. டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், ஆலோசகர் வகுப்பறைக்கே வந்து ஒரு காணொளியோடு பேசிய பிறகு தாமாகவே உதவி தேடி வந்த மாணவர் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது. அங்கே வகுப்பில் பேசியவரின் அறை அதே பள்ளிக்குள் திறந்திருந்தது. பேரணிக்குப் பிறகு தட்டுவதற்கு எந்தக் கதவும் இல்லை.

அதே டெல்லிப் பள்ளிகளில் சிக்கலைத் தீர்க்கும் முறையைச் சில அமர்வுகளில் கற்றுக்கொடுத்த, 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு அடக்கமான முடிவைத் தந்தது. ஆலோசகரோடு பேசிய பிள்ளைகள் தாங்களே பெரிதாக நினைத்த சிக்கல்கள் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மனநல அறிகுறிகளை அளக்கும் வினாப்பட்டியலில், வெறும் கையேடு பெற்றவர்களைவிடப் பெரிய வேறுபாடு இல்லை. சாதாரண ஆலோசகர்களால் எல்லாம் முடியும் என்று மேடையில் முழங்குபவர்கள் இதையும் படிக்க வேண்டும். அந்த ஆலோசகர்கள் முதல் படி மட்டும்தான். அடுத்த படியில் மருத்துவர் இல்லாவிட்டால் முதல் படியும் நிற்காது.

அந்த அடுத்த படி பர்கூர்க்காரர்களுக்கு வெகுதூரத்தில் இல்லை என்பது இந்த எல்லைப் பகுதியின் அதிர்ஷ்டம். பெங்களூரின் ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே புழங்கும். 1970களின் நடுவில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் சகலவாரா என்ற கிராமத்தில் மையம் அமைத்து, கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அது பெங்களூரின் தெற்கே, இந்த எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அந்த அனுபவம் பெல்லாரி மாவட்டத்தில் விரிந்து, 1996இல் தேசிய அளவிலான மாவட்ட மனநலத் திட்டமானது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. தமிழ்நாட்டில் அது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'. 104 என்ற எண்ணிலும் பேசலாம். மொழியைத் தேர்ந்துகொள்ள முடிவது ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணுக்குச் சிறிய விஷயம் இல்லை.

மாணவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் கொஞ்சம் கூடியிருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது: நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும், உதவி எண்களைக் கண்ணில் படும்படி எழுத வேண்டும், மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைப் பிரித்து அவமானப்படுத்தக் கூடாது. தமிழக மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கின. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் இப்படி ஒன்று வேரூன்றினால், பக்கத்துப் பள்ளிகளுக்கு மூத்த மாணவர்கள் போய்ப் பேசும் வழியும் பிறக்கும்.

சிப்காட்டுக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பெண் இந்த வழிகாட்டு நெறிகள் எதிலும் இல்லை. அவள் மாணவி அல்லள், தொழிலாளி. கல்லூரிக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் ஆலோசகர், கம்பெனிக்குப் போனதால் கிடைக்கவில்லை. இரவு ஷிப்ட், டார்கெட், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம், ஒரே அறையில் பலர், ஒப்பந்த வேலையின் நிச்சயமின்மை என்று அவளுடைய சுமைகள் கல்லூரி மாணவியின் சுமையைவிடக் குறைந்தவை அல்ல. 2025 நவம்பரில் ஓசூர் அருகே நாகமங்கலத்தில், ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பெரிய விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டபோது பெண்கள் திரண்டு போராடினார்கள். காவல்துறை வந்தது, கைது நடந்தது. அந்த வாரம் முழுக்கக் குளிக்கப் பயந்த பெண்களிடம் யார் பேசினார்கள் என்பது செய்தியாகவில்லை.

விடுதியில் யாரை வைப்பது என்று யோசித்தால் நாளந்தா மறுபடி முன்னால் வருகிறது. வார்டன் இதற்கு ஆகமாட்டார். நுழைவாயிலைப் பூட்டுபவரும் வீட்டுக்குப் போன் போடுபவரும் அவர்தான். கம்பெனியின் மனிதவளத் துறையும் ஆகாது. வேலையை நீட்டிப்பவர்கள் அவர்கள். அதே விடுதியில் இரண்டு மூன்று ஆண்டு தங்கிய, லைனில் வேலை பார்த்துப் பழகிய, மற்றவர்கள் அக்கா என்று கூப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். முகாமில் அகதிகளைப் பயிற்றுவித்தது போல இவர்களைப் பயிற்றுவிக்கலாம். இதிலும் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. கோவாவில் 'யுவ மித்ரா' என்று 16 முதல் 24 வயதினருக்காக நடந்த திட்டத்தில், சக இளைஞர்களே ஊருக்குள் போய்ப் பேசும் ஏற்பாடு கிராமப்புறத்தில் நடந்தது. நகர்ப்புறத்தில் நடத்தவே முடியவில்லை. தினமும் ஆள் மாறும் ஓசூர் வாடகை அறைகளில் தெருவை நம்பித் திட்டம் போட்டால் அதே கதிதான். இங்கே தெருவுக்குப் பதில் விடுதியும் கம்பெனி பஸ்ஸும்தான் ஊர்.

இதற்கான பிடி அரசின் கையிலேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். காவலாளி, பதிவேடு, கேமரா என்று பாதுகாப்பு நிபந்தனைகள் ஏற்கெனவே உள்ளன. இத்தனை பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பயிற்சி பெற்ற ஆலோசகர், அவர் விடுதி உரிமையாளரிடமோ கம்பெனியிடமோ சம்பளம் வாங்காதவராக இருப்பது, வாரம் ஒரு மாலை மாவட்ட மனநலக் குழுவிலிருந்து ஒருவர் வந்துபோவது ஆகிய மூன்றையும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சேர்க்கலாம். அவருக்கான சம்பளத்தை ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து மாவட்ட நிர்வாகத்தின் வழியாகக் கொடுத்தால், ஆலோசகருக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் இடைவெளி இருக்கும். பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளைச் சுற்றி இப்போது புதிய விடுதிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உரிம விண்ணப்பங்கள் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் வருகின்றன.